புறநோயாளிப் பிரிவில் பிறக்கும் கேள்விகள்

கதிர் அடிக்கும்போது நெல் சுணை தெறித்துக் கண்ணில் விழும். கரும்புத் தோட்டத்தில் சோகை கீறிவிடும். சின்னக் கீறல்தானே என்று பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விட்டுவிட்டு, கண் சிவந்து வீங்கி வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதற்குள் பயிரோடு வந்த பூஞ்சை கருவிழிக்குள் இறங்கியிருக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு தங்கிவிடும். ஊர்ப்பக்கம் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறார்களே, அதற்கு இந்தப் புண்ணும் ஒரு முக்கியக் காரணம்.

பணக்கார நாடுகளில் இந்த நோய் அரிது. அங்குள்ள மருந்து நிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் காட்டப் பெரிய காரணமும் இல்லை. ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவுக்கு இது அன்றாட வேலை. அங்கே ஒரு கேள்வி பதில் கிடைக்காமல் நின்றது. நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து இருக்கிறது; வோரிகோனசோல் என்ற புதிய மருந்தும் வந்திருக்கிறது. எதைக் கொடுப்பது? நாட்டமைசின் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. வோரிகோனசோல் ஊடுருவும், ஆய்வகச் சோதனைகளும் அதற்குச் சாதகமாகவே இருந்தன. உலகின் பல இடங்களில் கண் மருத்துவர்கள் புதியதற்கு மாறத் தொடங்கியிருந்தார்கள்.

அரவிந்த் மருத்துவர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த டாம் லீட்மன் குழுவினரும் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2010 முதல் 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. இந்த மறைப்பு அவசியமானது. புதிய மருந்தின் மேல் நம்பிக்கை வைத்த மருத்துவர், தன்னையறியாமல் அதைப் பெற்றவரின் கண்ணில் கூடுதல் தெளிவைக் கண்டுவிடக்கூடும்.

2013-இல் வெளியான முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மூன்று மாதம் கழித்து, நாட்டமைசின் பெற்றவர்களின் பார்வைதான் மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும், கண்ணைக் காப்பாற்ற அவசரமாக வேறு கருவிழி பொருத்த வேண்டிவருவதும் அவர்களிடம் குறைவு. வயல் காயங்களில் அதிகம் காணப்படும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆய்வகத் தட்டில் முந்திய மருந்து நோயாளியின் கண்ணில் பின்தங்கிவிட்டது. தென்னிந்திய விவசாயிகளின் கண்களிலிருந்து கிடைத்த இந்த விடைதான் இன்று உலகெங்கும் கருவிழி மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது.

நோயாளியைப் பார்க்கும் அதே மருத்துவர் ஆய்வும் செய்வதால் என்ன பயன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. புறநோயாளிப் பிரிவில் உட்காராதவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. தோன்றினாலும், விலை மலிவான பழைய மருந்து நல்லது என்று நிரூபிக்கப் பணம் செலவழிக்க வணிக நிறுவனம் எதுவும் முன்வராது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்ததும் இதே ரகம். திடீரென்று ரத்தம் கொட்டி ஆளையே சாய்த்துவிடும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு, வழக்கமான சிகிச்சைச் செலவு பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. அந்த நோயில் ஆர்செனிக் வேலை செய்கிறது என்பதைச் சீன மருத்துவர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆர்செனிக்கை மட்டுமே முதல் சிகிச்சையாகக் கொடுத்தால் என்ன என்று விக்ரம் மேத்யூஸ் உள்ளிட்ட வேலூர் மருத்துவர்கள் கேட்டார்கள். 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்குக் கொடுத்ததில், சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. கையில் பணமில்லாத நோயாளியை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனமில்லாத மருத்துவர்கள் கேட்ட கேள்வி இது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பத்வே தலைமையிலான குழு இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தது. மார்பகக் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போடுவது. பல்லைப் பிடுங்கும் முன் மரத்துப்போகப் போடுகிறார்களே, அதே மருந்துதான். 11 மையங்களில், சுமார் 1,600 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது: ஐந்தாண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 90.1 சதவீதம், போடாத குழுவில் 86.4 சதவீதம். நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்பது தாளில் சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த மூன்று நான்கு வீடுகளுக்கு அது சின்ன எண் இல்லை.

இந்த இரட்டை வேடத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சிகிச்சை தருபவர் தன் முன்னால் இருக்கும் ஒருவரின் நலனை மட்டுமே நினைக்க வேண்டும். ஆய்வாளரோ நாளை வரப்போகும் ஆயிரம் பேரையும் நினைக்கிறார். நம்மூரில் ‘டாக்டர் சொன்னால் சரி’ என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம் என்பதால் இந்தச் சிக்கல் இங்கே கூடுதல் கனம் பெறுகிறது. எந்தச் சிகிச்சை மேல் என்று உண்மையிலேயே தெரியாத நிலையில் மட்டும்தான் குலுக்கல் முறை நியாயம். தெரிந்துகொண்டே மட்டமானதைக் கொடுப்பது குற்றம்.

அதனால்தான் மருத்துவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இந்த ஏற்பாடு விடப்படவில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத ஒரு சாதாரணக் குடிமகனுக்கும் அங்கே நாற்காலி உண்டு.

விதிகள் இருக்கின்றன; மருத்துவர்களுக்குக் குறைவாக இருப்பது நேரம். காலையில் நூறு பேரைப் பார்த்துவிட்டு, மதியம் அறுவை சிகிச்சை முடித்து, இரவில் ஆய்வுத் தரவைத் திறக்கும் மருத்துவரிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? ஆய்வுக்கென்று வாரத்தில் சில நாட்கள் ஒதுக்கி, அதற்குச் சம்பளமும் தந்தால்தான் அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் இத்தகைய கேள்விகள் எழும். நோயாளிகளின் எண்ணிக்கையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ குறையே இல்லை. அங்கே உழைக்கும் மருத்துவர்களுக்கு யோசிக்க அவகாசம் தருவது அரசின் கடமை.

உங்களையோ வீட்டில் ஒருவரையோ மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: தகவல் படிவம் தமிழில் இருக்கிறதா? இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதற்கான எண் என்ன? ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு? சேர மறுக்கலாம், சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் செய்யலாம். அதற்காக உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.