நோபல் வாங்கியவருக்கு வந்த சந்தேகம்

நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளருக்கும் 'நமக்கு எழுத வருமா?' என்கிற பயம் இருந்திருக்குமா?

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்குக்கு நிறையவே இருந்ததுங்க! 1938-ல், பிழைப்புத் தேடி கலிஃபோர்னியாவுக்கு வந்த விவசாயக் குடும்பங்களைப் பற்றி 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதினார். கூடவே ஒரு நாட்குறிப்பு. அதில், 'நான் எழுத்தாளனே இல்லை, எல்லாரையும் ஏமாற்றுகிறேன்' என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். அவருடைய பொடி எழுத்தைப் படித்து டைப் அடித்தவர் மனைவி கேரல். தலைப்பும் அவர் தந்ததுதான்.

அந்த நாவலுக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. பின்னாளில் நோபலும் வந்தது. அப்போது ஒரு நிருபர், இதற்கு நீங்கள் தகுதியானவர்தானா என்று கேட்டாராம். கேட்கிற கேள்வியா அது! ஸ்டைன்பெக் அசரவில்லை. 'உள்ளதைச் சொன்னால், இல்லை' என்றார்.