மாதச் சம்பளமும் மணிக்கணக்கும்

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் மாதத் தொகையைத்தான் சொல்கிறோம். நாள் கூலிக்குச் செல்பவர் ஒரு நாளின் தொகையைச் சொல்வார். ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் விடை இருக்காது. மிகைநேர ஊதியம், விடுப்புக்கான பிடித்தம், பணிக்கொடை ஆகிய மூன்றுமே மாதச் சம்பளத்தை நாளாகவும் மணியாகவும் பிரித்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அதனால் இந்தக் கணக்கை அறியாதவர் தமக்கு வர வேண்டியது முழுமையாக வந்ததா என்பதையும் அறிய முடியாது.

கணக்கு எளிதுதான். ஆண்டுக்கு 52 வாரங்கள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 312 வேலை நாள்கள். அதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 26 நாள்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 208 மணி நேரம். மாதம் ரூ.18,000 பெறும் தொழிலாளியின் நாள் ஊதியம் ரூ.692, மணி நேர ஊதியம் ரூ.86.54. வாரத்தில் ஐந்து நாள், 40 மணி நேரம் பணியாற்றும் அலுவலருக்கு மாதத்துக்கு 173.33 மணி நேரம் என்று கொள்ள வேண்டும்.

சிக்கல், வகுக்கும் எண்ணில்தான் தொடங்குகிறது. மாதத்துக்கு 30 நாள்கள்தானே என்று 30-ஆல் வகுத்தால் அதே தொழிலாளியின் நாள் ஊதியம் ரூ.600-ஆகவும், மணி நேர ஊதியம் ரூ.75-ஆகவும் குறைந்துவிடும். வார ஓய்வு நாளையும் வேலை நாளாக எண்ணுவதால் வரும் குறைவு இது.

மிகைநேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம் தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த நெறி. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பும் அச்சட்டத்தில் உள்ளதே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இவ்விரண்டும் தொடர்கின்றன. நமது தொழிலாளி மாதம் 16 மணி நேரம் மிகைநேரம் உழைத்தால், 26 நாள் கணக்கின்படி அவருக்கு ரூ.2,769 கிடைக்க வேண்டும். 30 நாள் கணக்கில் ரூ.2,400தான் கிடைக்கும். ஆண்டுக்கு ரூ.4,400-க்கும் மேல் அவர் இழக்கிறார்.

இந்த வழக்கு பணிக்கொடை தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்தே 15 நாள் ஊதியத்தைக் கணக்கிட வேண்டும் என்று 1980-இல் நீதிமன்றம் ஏற்றது. பின்னர் சட்டத்திலேயே அது விளக்கமாகச் சேர்க்கப்பட்டது. ரூ.18,000 ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கு இதனால் கிடைப்பது ரூ.2,07,692. முப்பதால் வகுத்திருந்தால் ரூ.1,80,000 மட்டுமே கிடைத்திருக்கும்.

விடுப்புக்குப் பிடித்தம் செய்யும்போது 26-ஆல் வகுத்து ரூ.692 பிடிப்பதும், மிகைநேரத்துக்குத் தரும்போது 30-ஆல் வகுத்துக் குறைத்துத் தருவதும் நேர்மையான கணக்கு ஆகாது. கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே படிதான் இருக்க வேண்டும்.

எந்தத் தொகையை வகுப்பது என்பதும் முக்கியமானது. அடிப்படை ஊதியத்தைக் குறைத்து, எஞ்சியதைப் பல பெயர்களில் படிகளாகக் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அடிப்படை ஊதியத்தை மட்டும் வகுத்தால் மணி நேர ஊதியமும் குறையும். விலக்கு பெறும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுவது இதன் பொருட்டே.

இனி, காகிதத்தில் உள்ள நேரத்தை விட்டு, உண்மையில் உழைக்கும் நேரத்தைப் பார்ப்போம். மாதம் ரூ.50,000 பெறும் அலுவலர் வாரத்துக்கு 40 மணி நேரம் பணியாற்றினால் மணிக்கு ரூ.288 பெறுகிறார். அவரே நாள்தோறும் 10 மணி நேரம் இருக்க நேர்ந்தால் அது ரூ.231-ஆகக் குறைகிறது. சம்பளச் சீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால், ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டுவிட்டது.

அடித்தட்டில் நிலைமை இன்னும் கடுமையானது. விடுமுறையின்றி நாளுக்கு 12 மணி நேரம் நிற்கும் காவலாளி மாதத்துக்கு 360 மணி நேரம் உழைக்கிறார். ரூ.15,000 சம்பளம் என்றால் மணிக்கு ரூ.42-கூட இல்லை. அந்தச் சம்பளம் 8 மணி நேரப் பணிக்கு உரியது என்று ஆவணம் கூறுமானால், எஞ்சிய 152 மணி நேரத்துக்கு இரு மடங்கு வீதம் அவருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ ரூ.21,900. கொடுக்கப்படாத தொகை, கொடுக்கப்பட்ட சம்பளத்தைவிடப் பெரியது!

பொருளாதாரத்தில் ஊதியம் என்பது உழைப்பின் விலை. விலையைச் சொல்லி அளவைச் சொல்லாத வணிகத்தை எந்தக் கடையிலும் நாம் ஏற்பதில்லை. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் மாதத்தின் வேலை நேரம், வகுக்கும் எண், மணி நேர ஊதியம் ஆகிய மூன்றும் அச்சிடப்பட வேண்டும் என்று விதி வகுத்தால், நிறுவனங்களுக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. அதுவரை அந்த வகுத்தலை அவரவரே செய்து பார்த்துக்கொள்வது நல்லது.