கலாநிதிப் படிப்புக்குக் காணி விற்க வேண்டுமா?

"வெளிநாட்டில சூழலியல் பிஎச்.டி. செய்ய எவ்வளவு செலவாகும் சேர்?" என்று கேட்கும் பிள்ளைகள் பலருடைய வீட்டில், வாப்பா காணி உறுதியைத் தேடி எடுக்கத் தொடங்கிவிட்டிருப்பார். அவசரப்பட வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது, யார் காசு தருவார் என்பதைத்தான்.

முதுமாணிக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டணம் கட்டுகிறோம். விஞ்ஞானத் துறைக் கலாநிதிப் படிப்பின் சங்கதி வேறு. ஆற்று நீரில் எவ்வளவு நைத்திரேற்று இருக்கிறது, கண்டல் காடு எவ்வளவு காபனைச் சேமிக்கிறது என்று வருடக்கணக்கில் அளக்கப் பேராசிரியருக்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அவருடைய ஆய்வு நிதியிலிருந்து கொடுப்பனவு போகும்.

நெதர்லாந்தில் பிஎச்.டி. மாணவர் பலர் நான்கு வருட ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். வெற்றிட அறிவித்தல் போட்டு, நேர்முகம் வைத்து எடுப்பார்கள். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்புக்குப் பொதுவாகக் கற்கைக் கட்டணமே கிடையாது. தவணைக்கு ஒருமுறை சிறு பங்களிப்புத்தான். ஆனால் வேலை ஒப்பந்தமோ புலமைப்பரிசிலோ இல்லாமல் போனால், விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ வரையில் முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிவரும். காணி விற்கும் பேச்சு அங்கேதான் வருகிறது.

அமெரிக்காவில் உதவியாளர் பதவி கிடைத்தால் கட்டணம் விலக்கப்பட்டு மாதப்படியும் வரும். பதிலுக்கு வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை கற்பிக்கவோ ஆய்வுகூடத்தில் வேலை செய்யவோ வேண்டும். முதுமாணி இல்லாமல் சிறப்புப் பட்டத்தோடே எடுக்கும் துறைகளும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: சில பதவிகள் ஒன்பது மாதத்துக்கு மட்டுமே. கோடை விடுமுறைக்கு யார் சாப்பாடு போடுவது என்று கடிதத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் வெட்கமில்லை.

யப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கட்டணம், விமானச் சீட்டு ஆகியவற்றோடு கலாநிதி மாணவருக்கு மாதம் சுமார் 145,000 யென் தருகிறது. கொழும்பிலுள்ள தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். 35 வயதுக்குள் இருக்க வேண்டும்.

சூழலியலுக்கென்றே உள்ள மறைமுகச் செலவு களப்பணி. மாதிரி எடுக்கப் படகு, வாகனம், பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் பகுப்பாய்வுக் கட்டணம். புலமைப்பரிசிலோடு போகிறவரிடம் "பெஞ்ச் ஃபீ" என்று தனியாக ஆய்வுகூடக் கட்டணம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. உள்நாட்டில் பதிந்து படிப்போரைக் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இதுதான். பதிவுக் கட்டணம் தாங்கக்கூடியது, இரசாயனப் பொருளின் விலை தாங்காது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றின் மானியம் வைத்திருக்கும் மேற்பார்வையாளரைத் தேடிப் பிடிப்பது அதனால்தான் முக்கியம்.

கையிலிருந்து போகும் காசு ஆங்கிலப் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் விசாவுக்கும். பல இடங்களில் விண்ணப்பக் கட்டண விலக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். எனவே கட்டணம் கட்டுவதற்கு முன், ஆய்வுக் கருத்தை அரைப் பக்கத்தில் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பி, அவரிடம் இந்த வருடம் நிதி இருக்கிறதா என்று கேளுங்கள்.