வீடு கட்டி முடித்ததும் கேட்டு வாங்க வேண்டிய ரிப்போர்ட்

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடையும் வீடும் ஒன்றாக வைத்திருப்பவர்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு, பின்கட்டில் கிடங்கு. திருச்சி பெரிய கடை வீதியானாலும், ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதியானாலும், பழைய கட்டடத்தின் மேல் ஒரு மாடி எடுப்பதும், திண்ணையை இடித்து ஷட்டர் போடுவதும், பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஏ.சி. வைத்து ஓர் அறை சேர்ப்பதும் வருடம் தவறாமல் நடக்கின்றன. கட்டட பிளான், வரி ரசீது, சிமெண்டு பில் எல்லாம் பைலில் பத்திரமாக இருக்கும். மின்சார வேலையைச் சோதித்துப் பார்த்ததற்கான ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால்தான் முகம் மாறும். ஒயர், சுவிட்ச், பைப் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடமாக இருப்பவன் என்ற முறையில் இது பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் 2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி நடந்ததை நம் ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். பத்மப்ரியா திருமண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில், வீடியோ எடுப்பதற்காக இழுத்திருந்த மின் இணைப்பிலிருந்து நெருப்புப் பற்றியது என்று அப்போது சொல்லப்பட்டது. பந்தல் பிறகு சேர்த்தது. வீடியோ விளக்குக்கான இணைப்பும் அன்றைக்கு இழுத்தது. கட்டடம் கட்டியபோது கொடுத்த எந்தச் சான்றிதழும் பிறகு சேர்த்த வேலைக்குப் பொறுப்பேற்காது. நம் வீடுகளிலும் கடைகளிலும் இருக்கிற குறை இதுவேதான். முதல் இணைப்பு வாங்கும்போது ஒரு ரிப்போர்ட் கொடுத்திருப்போம். அதற்குப் பின் மாடி வந்தது, ஏ.சி. வந்தது, இன்வெர்ட்டர் வந்தது. ரிப்போர்ட் மட்டும் பழைய நான்கு லைட், இரண்டு பேன் கணக்கிலேயே நிற்கிறது.

சட்டம் இதை எப்போதோ சொல்லியிருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, லைசென்ஸ் பெற்ற மின் கண்ட்ராக்டர் மூலமாகவும், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையிலும்தான் ஒயரிங் வேலை நடக்க வேண்டும் என்றது. புதிதாகப் போடுவதற்கு மட்டுமன்றி, சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சேர்த்தே அந்த விதி. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்றவற்றுக்கு, லோடும் தன்மையும் மாறாதவரை, விலக்கு உண்டு. மத்திய மின்சார ஆணையம் 2010-லும் 2023-லும் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளிலும் இதே கருத்துதான். ஆக, பேன் மாட்டுவதற்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். மாடிக்குப் புது லைன் இழுப்பதற்கு அப்படிக் கூப்பிட முடியாது. தமிழ்நாட்டில் இந்த லைசென்ஸும் தகுதிச் சான்றும் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மாநகராட்சி கொடுக்கும் கட்டட முடிவுச் சான்று வேறு, மின்சார டெஸ்ட் ரிப்போர்ட் வேறு. 2019-ம் ஆண்டு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, முடிவுச் சான்று இல்லாமல் பல வகைக் கட்டடங்களுக்கு மின் இணைப்புக் கிடைக்காது என்றானதும் எல்லோரும் அந்தச் சான்றின் பின்னாலேயே ஓடினோம். 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று குடியிருப்புக்குள் உள்ள சிறு வீடுகளுக்கு அப்போதே விலக்குத் தந்தார்கள். பிறகு 2024-ல் வரம்பைத் தளர்த்தினார்கள். அது கட்டடம் பிளான்படி இருக்கிறதா என்று பார்ப்பது. சுவருக்குள் ஓடும் ஒயர் சரியாக இருக்கிறதா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. அந்த விலக்கு கிடைத்தவுடன் மின்சார ரிப்போர்ட்டுக்கும் விலக்கு என்று நினைத்துக் கொள்வது தவறு.

அரசின் மின் ஆய்வாளர் வந்து சான்று தருவது 15 மீட்டருக்கு மேற்பட்ட அடுக்குமாடி, உயர் அழுத்த இணைப்பு, சினிமா தியேட்டர் போன்றவற்றுக்கு. சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் அவர் வருவதில்லை. நம்முடைய கண்ட்ராக்டர் கையெழுத்திட்டுத் தரும் ஒயரிங் முடிப்பு மற்றும் சோதனை ரிப்போர்ட்தான் நமக்குச் சான்றிதழ். அதை மின்வாரியம் வாங்கிக்கொண்டு இணைப்புத் தரும். வாரியத்தின் பெயர் 2010-ல் மாறியது, 2024-ல் மறுபடி மாறியது, விண்ணப்பமும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. ரிப்போர்ட்டுக்குள்ள பொறுப்பு மட்டும் மாறவில்லை.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பது கடைக்காரனான எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வேலை செய்தவர் ஒருவர், லைசென்ஸ் உள்ளவர் வேறொருவர். பின்னவர் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார். பாரத்தில் கையெழுத்தும் சீலும் மட்டும் வரும். ரீடிங் எழுத வேண்டிய இடத்தில் ஊருக்கெல்லாம் ஒரே எண் இருக்கும். எலெக்ட்ரீஷியன்களை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. கூலி பேசும் முறையே அப்படி. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். பாயிண்ட் போட்டால் கூலி. சோதித்தால் ஒன்றும் கிடையாது. எர்த் ஒயர் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் லைட் எரியும், பாயிண்ட் கணக்கில் சேரும். பில்லில் எர்த் ஒயர் காயிலை முதலில் அடித்துவிட்டு, டிசைன் சுவிட்ச் பிளேட்டுக்குக் கூசாமல் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் என் கடைக்கும் வருகிறார்கள். 3/22, 7/20 என்று கேஜ் கணக்கில் ஒயர் கேட்ட காலத்திலும் இது உண்டு, இப்போதும் உண்டு.

ஆகவே கூலி பேசும்போதே சோதனைக்கென்று தனியாக ஒரு தொகை பேசிவிட வேண்டும். இதுதான் முக்கியம். பேசிய பிறகு, சோதனை நடக்கும்போது நாமோ நம் பிள்ளையோ பக்கத்தில் நிற்க வேண்டும். அரை நாள் வேலைதான். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பல்பு, பேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரை வைத்து, ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே, பிறகு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு நிமிஷம் அளப்பார்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. புது ஒயரிங்கில் இதைவிடப் பல மடங்கு காட்டும். 1-ஐ ஒட்டிக் காட்டினாலே எங்கோ கோளாறு என்று தேட வேண்டும். பிறகு சுவிட்ச் பேஸ் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறதா, ஒவ்வொரு பிளக்கின் மேல் ஓட்டைக்கும் எர்த் உண்மையிலேயே வந்து சேர்கிறதா, எர்த் குழியின் தடை எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஸ்ரீரங்கம் தீவு மண்ணில் எர்த் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். மணல் பூமி, காவிரியில் தண்ணீர் இல்லாத கோடையில் அளந்தால்தான் உண்மை தெரியும். மலைக்கோட்டையைச் சுற்றிப் பாறை தட்டும் இடங்களில் ஒரு குழி போதாமலும் போகலாம்.

ஆர்.சி.சி.பி. பற்றி ஒரு வார்த்தை. எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்கு, மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா பெட்டி. அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. ஏன் விழுகிறது என்று தேடச் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் மளிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் மாடி எடுத்தார். ஆவணியில் கிரகப்பிரவேசம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. என் வற்புறுத்தலுக்காக மெக்கர் வைக்கச் சம்மதித்தார். மற்ற லைன்கள் எல்லாம் நன்றாக இருக்க, ஒரே ஒரு லைனில் முள் கீழே கிடந்தது. ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகப் பிரித்துப் பார்த்ததில், பூஜை அறை அலமாரிக்குத் தச்சர் அடித்த ஸ்க்ரூ பைப்பைத் துளைத்து ஒயர் உறையைக் கீறியிருந்தது. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அலமாரிக்குப் பித்தளைத் தகடு அடிப்பதாக இருந்தார்கள். ஈரத் துணியுடன் அம்மையார் விளக்கேற்றப் போகிற இடம். தச்சர் மேலும் தப்பில்லை. ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பூசு வேலைக்கு முன் சுவரைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் தச்சர், பிளம்பர் எல்லோருக்கும் காட்டலாம். காசு செலவில்லாத காரியம்.

இதே போன்ற ஒன்று லண்டனில் நடந்து, பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 2004 ஜூலையில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மகள் தன் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் மாட்டும் உலோகத் தாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் ஒயரை நேராகக் கொண்டுபோகாமல் குறுக்காக இழுத்திருந்தார்கள். தாங்கியின் ஸ்க்ரூ அதைத் தொட்டுவிட்டது. 2005 ஜனவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு மின்சார வேலையைக் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்து, முக்கியமான வேலைகளுக்குச் சான்று கட்டாயமாயிற்று. 2020-லிருந்து இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடுகளில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதித்து, ரிப்போர்ட்டைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் மறு சோதனை என்பது நம்முடைய 1956 விதிகளிலேயே இருந்ததுதான். நம் தெருக்களில் வீடு வீடாக அது நடந்து நான் பார்த்ததில்லை. சங்கம் சார்பில் லைசென்ஸ் உள்ள கண்ட்ராக்டர்கள் சிலரிடம் பேசி, ஒரு வீதியில் உள்ள கடைகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் மெக்கர் வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்தால் என்ன என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பொதுச் சுவர் வைத்த வீடுகளில் பக்கத்துக் கடை ஒயரிங்கும் நம் பிரச்சினைதான். ஜவுளிக்கும் சாக்குக்கும் அட்டைப் பெட்டிக்கும் நெருப்பு வர ஒரு சுவர் தாண்டினால் போதும்.

காப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீ காப்பீட்டுப் பாலிசியில் வழக்கமாக ஒரு விலக்கு இருக்கும். ஷார்ட் சர்க்யூட்டால் எந்த மின்சாரச் சாமான் கருகியதோ அந்தச் சாமானுக்கு நஷ்ட ஈடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த சரக்குக்கு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஷார்ட் சர்க்யூட் என்றால் ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லி, வேறு காரணம் எழுதச் சொல்லிக் கெடுத்துக் கொள்பவர்கள் உண்டு. சர்வேயர் வரும்போது, சேர்த்த மாடிக்கும் கூட்டிய லோடுக்கும் முறைப்படி விண்ணப்பித்திருக்கிறோமா, யார் ஒயரிங் செய்தார் என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் இருக்கக் கூடியது இந்த ரிப்போர்ட்தான்.

அதில் கண்ட்ராக்டர் பெயர், லைசென்ஸ் எண், அது எந்தத் தேதி வரை செல்லும், சோதித்த நாள், லைன் வாரியாக மெக்கர் ரீடிங், எர்த் ரீடிங் ஆகியவை இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒயர் வாங்கிய பில்லையும் அத்துடன் சேர்த்து வையுங்கள். எல்லா லைனுக்கும் ஒரே எண் போட்டிருந்தால் வாங்காதீர்கள். மெக்கரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பிரதியை பாலிசியோடு, கடைக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதியை மீட்டர் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கிறார்கள் சிலர். அடுத்த முறை வேலைக்கு வரும் எலெக்ட்ரீஷியன் அதிலுள்ள பழைய ரீடிங்குகளைப் பார்த்துக்கொள்ளலாம்.