சீனி மட்டுமா பற்களுக்குப் பகை?

பெருநாளோ, கலியாணமோ, வீட்டுக்கு வருவோரின் கையில் நாம் முதலில் கொடுப்பது ஒரு கிளாஸ் குளிர்பானம்தான். பிள்ளைகளின் விருப்பமும் அதுவே. "சீனி கூடாது, பல் சூத்தையாகும்" என்று சொல்லி அளவோடு கொடுக்கும் தாய்மார் பலர். நல்ல பழக்கம்தான். ஆனால், சகோதரிகளே, கேடு சீனியால் மட்டும் வருவதல்ல. அப்பானத்தில் இருக்கும் புளிப்பு, அதாவது அமிலம், பல்லை நேரடியாகவே கரைக்கக் கூடியது.

எப்படிக் கரைகிறது?

பல்லின் மேல் போர்வை போல் மூடியிருப்பது எனாமல். நமது உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்புக்களே. இவ்வளவு உறுதியான எனாமலும் அமிலத்திடம் தோற்றுவிடுகிறது.

அமிலத்தின் வலுவை பீ.எச். என்ற அளவால் அளக்கிறார்கள். தூய நீருக்கு இது 7. எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பாலுக்கு இது 6.7 அளவில் இருப்பதால் பயமில்லை. தோடம்பழச் சாறு 3.5 முதல் 4 வரை. கோலா வகைகள் 2.5 அளவில். தேசிக்காய்ச் சாறும் ஏறக்குறைய அப்படியே. குடிக்கும்போது இவ்வளவு புளிப்பு நமக்குத் தெரிவதில்லை. காரணம், சீனி அதை மறைத்துவிடுகிறது.

சூத்தை வருவது வேறு விதம். வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியைத் தின்று அமிலம் உண்டாக்கி, பல்லில் குழி விழச் செய்கின்றன. இங்கே பற்றீரியாவுக்கு வேலையே இல்லை. பானத்தின் அமிலமே பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துவிடுகிறது. எனாமலில் உயிருள்ள கலங்கள் இல்லாததால், தேய்ந்துபோனது மீண்டும் வளராது.

பச்சை நிறம் போதுமா?

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என நிற அடையாளம் இடும் முறை கொண்டுவரப்பட்டது. அது சீனியின் அளவைக் காட்டும் அடையாளம். அமிலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சீனியே இல்லாத 'டயட்' கோலாவிலும் அமிலம் உண்டு.

"வீட்டில் பிழிந்த சாறுதானே" என்று நீங்கள் கேட்கலாம். கொடித்தோடை, அன்னாசி, தோடை எதுவானாலும் புளிப்பு புளிப்புத்தான். பழத்தைக் கடித்துத் தின்னும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும், நாரும் கிடைக்கும். ஆகவே சாற்றை விடப் பழமே மேல்.

குடிக்கும் விதமும் முக்கியம்

உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இளகிய எனாமலை மெல்ல மெல்ல உறுதியாக்கும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மாலை முழுதும் பிள்ளை சிறிது சிறிதாக உறிஞ்சினால், ஒவ்வொரு மிடறும் புதிய தாக்குதலாகிறது. அதே அளவைச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்தால் கேடு குறைவு.

நோன்பு திறக்கும் நேரத்தில் வாய் உலர்ந்து, உமிழ்நீர் குறைந்திருக்கும். அப்போது எடுத்த எடுப்பில் புளிப்புப் பானம் வேண்டாம். பேரீச்சம்பழத்தோடு தண்ணீர், பிறகு கஞ்சி, சாறு கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக் கூடியவை

* குளிர்பானத்தை விசேட நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்குத் தண்ணீரே போதும்.

* குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். உடனே பல் துலக்கக் கூடாது. இளகியிருக்கும் எனாமலைத் தூரிகை உராய்ந்து எடுத்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, புளோரைட் உள்ள பற்பசையால் மெதுவாகத் துலக்குங்கள்.

* பாலூட்டும் போத்தலில் சாறு கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் சாறே தேவையில்லை. படுக்கப் போகும்போது யாருக்கும் வேண்டாம்; உறக்கத்தில் உமிழ்நீர் குறைவு.

* கர்ப்ப காலத்தில் வாந்தி எடுத்தாலும் இதே கவனம் தேவை. இரைப்பையிலிருந்து வருவதும் அமிலமே. முதலில் கொப்பளியுங்கள், துலக்குவது பிறகு.

முன்பற்களின் நுனி கண்ணாடி போலத் தெரிதல், பல் மஞ்சளாதல், கடைவாய்ப் பற்களில் சிறு பள்ளங்கள், குளிர்ந்ததோ சூடானதோ பட்டால் கூச்சம் ஆகியவை எனாமல் தேய்வதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். பாற்பற்களின் எனாமல் மெல்லியது, விரைவில் தேயும். நிலைப்பற்கள் முளைக்கும்வரை பிள்ளை மென்று தின்ன வேண்டியதும் அப்பற்களால்தான். இன்றிரவே பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறந்து ஒரு தடவை பாருங்கள்.