கடிய கணைய அழற்சிக்கான விலங்கு மாதிரிகள்

கடிய கணைய அழற்சிக்கான விலங்கு மாதிரிகள் என்பவை, இந்நோயை எலி, சுட்டெலி போன்ற ஆய்வக விலங்குகளில் செயற்கையாக உண்டாக்கி ஆராயும் முறைகளாகும். கணையம் வயிற்றின் ஆழத்தில் அமைந்துள்ளதால் நோயாளியிடமிருந்து திசு மாதிரி எடுப்பது ஆபத்தானது. மேலும், கடும் வலி தொடங்கிய பிறகே நோயாளிகள் மருத்துவமனைக்கு வருகின்றனர். எனவே நோயின் தொடக்க நிலையை அறிய இம்மாதிரிகள் தேவைப்படுகின்றன.

வரலாறு

1856-இல் பிரான்சு நாட்டு உடலியங்கியலாளர் குளோடு பெர்னார்டு, நாயின் கணைய நாளத்தில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தி அழற்சியை உண்டாக்கினார். பித்தநாளமும் கணைய நாளமும் சேரும் பொது வழியைப் பித்தக்கல் அடைப்பதால், பித்தநீர் கணையத்துக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது என்று 1901-இல் யூஜின் ஓப்பி கருத்துரைத்தார்.

முக்கிய மாதிரிகள்

செருலின் மாதிரி: செருலின் என்பது ஆத்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலில் கண்டறியப்பட்ட பெப்டைடு ஆகும். இது கணைய நொதிச் சுரப்பைத் தூண்டும் கோலிசிசுட்டோக்கினின் இயக்குநீரைப் போலச் செயல்படுகிறது. சுட்டெலிக்கு ஒரு கிலோ எடைக்கு 50 மைக்ரோகிராம் என்ற அளவில் மணிக்கொரு முறை பலமுறை ஊசி மூலம் செலுத்தினால், டிரிப்சினோசன் கணைய உயிரணுவுக்குள்ளேயே டிரிப்சினாக மாறி அழற்சி தோன்றுகிறது. எளிதாகவும் சீராகவும் அமைவதால் இம்மாதிரி மிகுதியாகப் பயன்படுகிறது. எனினும் இதில் உண்டாகும் நோய் பெரும்பாலும் மிதமானது, தானாகவே குணமடையக்கூடியது.

டாரோகோலேட்டு மாதிரி: சோடியம் டாரோகோலேட்டு என்னும் பித்த உப்பை எலியின் கணைய நாளத்தில் எதிர்த்திசையில் செலுத்தினால், திசு இறப்புடன் கூடிய கடும் அழற்சி உண்டாகிறது. இதற்கு அறுவைத் திறன் தேவை.

எல்-ஆர்ஜினின் மாதிரி: இந்த அமினோ அமிலத்தை மிகுந்த அளவில் வயிற்றறைக்குள் செலுத்தினால் கணைய உயிரணுக்கள் சிதைகின்றன.

உணவு மாதிரி: கோலின் இல்லாத, எத்தியோனின் சேர்த்த உணவு, இளம் பெண் சுட்டெலிகளில் உயிருக்கு ஆபத்தான அழற்சியை உண்டாக்குகிறது.

நாளக்கட்டு மாதிரி: எலியில் நாளத்தைக் கட்டுவதால் பொதுவாக இலேசான பாதிப்பே ஏற்படும், அமெரிக்க ஒப்போசத்தில் கடும் அழற்சி தோன்றும். ஒப்போசத்தின் கணைய நாளத்தை மட்டும் கட்டியபோதும் கடும் நோய் உண்டானது. ஆகவே, பித்தநீர் உட்புகாமலேயே அடைப்பு மட்டும் நோயைத் தொடங்கிவைக்கப் போதுமானது என்று தெரியவந்தது.

வரம்புகள்

மனிதரில் பித்தக்கல்லும் மதுவும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள். ஆனால் விலங்குக்கு மது மட்டும் கொடுப்பதால் பொதுவாக அழற்சி உண்டாவதில்லை. மேலும், ஆய்வுகளில் மருந்து பெரும்பாலும் நோய் தொடங்கும் முன்போ தொடங்கியவுடனோ தரப்படுகிறது. நோயாளிக்கோ பல மணி நேரம் கழித்தே கிடைக்கிறது. விலங்குகளில் பயனளித்த லெக்சிபாஃபான்டு என்ற மருந்து, மனிதரில் நடந்த பெரிய சோதனையில் தோல்வியுற்றது. எனவே ஒரு மருந்தை ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளில், நோய் தொடங்கிய பின்னரும் கொடுத்துச் சோதிப்பது முக்கியமாகும்.