4 கோடி இலக்க எண்... கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது என்ன?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள், பகா எண்கள். 2, 3, 5, 7 என நீளும் இந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை என யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். ஆனாலும், மிகப் பெரிய பகா எண்ணுக்கான வேட்டை ஓயவில்லை.

2018-ன் சாதனையை முறியடித்து, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள்! விநாடிக்கு ஓர் இலக்கமாக, தூங்காமல் சொன்னாலும் 475 நாள்கள் ஆகும்.

கணக்கு என்னவோ எளிதுதான். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழிக்க வேண்டும். இப்படிக் கிடைப்பவை மெர்சென் எண்கள். 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகைப் பகா எண்களே. ஆனால், 11 இரண்டுகளைப் பெருக்கிக் கழித்தால் வரும் 2,047, 23-ஆல் வகுபட்டுவிடும். அதனால், ஒவ்வொன்றையும் சோதித்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டுரான்ட், 17 நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்துச் சோதித்தார். சொந்தப் பணம் சுமார் 20 லட்சம் டாலர் செலவு!

இந்த எண்ணால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. ஆன்லைன் பணப் பரிவர்த்தனைகளைப் பாதுகாக்கும் பகா எண்களுக்குச் சில நூறு இலக்கங்களே போதும். டுரான்ட்டுக்கான பரிசுத்தொகை 3,000 டாலர். அதையும், தான் படித்த அலபாமா பள்ளியின் கணிதத் துறைக்கே கொடுக்கப்போவதாக அறிவித்தார்.